தாள் வீணாகாமல் அச்சுத்தொழில் பழகுதல்: மெய்நிகர் உலகங்களின் பயனும் எல்லையும்

தொழில் பழகுவோர் பிழைவிடுவது இயல்பு. தச்சுப்பட்டறையிற் பழகுபவர் ஒரு பலகையைக் கெடுப்பார். தையல் பழகுபவர் ஒரு முழத் துணியைக் கெடுப்பார். ஆனால் அச்சியந்திரத்தின் முன்னே நிற்கும் புதியவர் ஒரு கணம் தடுமாறினால் அந்தப் பிழை ஆயிரக்கணக்கான பிரதிகளாகப் பெருகிவிடும். இன்று பயன்பாட்டிலுள்ள உயர்வேக ஓப்செற் இயந்திரங்கள் மணிக்கு 18,000 தாள்கள் வரை அச்சிட வல்லவை. அதாவது நிமிடத்துக்கு 300 தாள்கள். நிறம் ஏன் மங்குகிறது என்பதைக் கண்டறியப் பயிலுநர் ஒருவர் பத்து நிமிடங்கள் எடுத்துக்கொண்டால், அதற்குள் 3,000 தாள்கள் கழிவுக் குவியலைச் சேர்ந்துவிடும்.

தாள் இறக்குமதியிற் பெரிதும் தங்கியிருக்கும் எமது நாட்டில் இது வெறும் கணக்கன்று. 2022 மார்ச் மாதத்தில் வினாத்தாள் அச்சிடுவதற்குத் தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டமையும், அதே மாதத்தில் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளேடுகள் தமது சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த நேர்ந்தமையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பத்திரிகைக்கே தாள் இல்லாதபோது, பழகுவதற்கென்று தாளைக் கொடுத்து 'பிழைவிட்டுப் பார்' என்று சொல்ல எந்த அச்சக உரிமையாளர் முன்வருவார்? இந்த நெருக்கடிதான் கணினியில் உருவாக்கப்படும் மெய்நிகர் உலகங்களையும் ஒப்புருவாக்கிகளையும் அச்சுத்தொழிற் பயிற்சியோடு சேர்த்து எண்ணிப்பார்க்கத் தூண்டுகின்றது.

முன்னர் இத்தொழில் எவ்வாறு பழகப்பட்டது என்பதை நினைவுகூர்வது பொருத்தமானது. ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் பெற்றுவந்து வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவிய காலந்தொட்டு, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதி வரையில், ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சிடும் முறையே எமது ஊர்களில் நிலவியது. அச்சகத்திற் சேரும் சிறுவன் முதலிற் செய்தது, அச்சிட்டு முடிந்த எழுத்துக்களைப் பிரித்து உரிய அறைகளில் மீண்டும் இடுவதாகும். பின்னர் கோப்பான்; பின்னர் இயந்திரத்துக்குத் தாள் கொடுப்பான். எல்லாமே கண்ணுக்கு எதிரே நிகழ்ந்தன. எழுத்து எது, மை எங்கே படுகிறது, அழுத்தம் எங்கே கூடிவிட்டது என்பதை அருகில் நின்று பார்த்தே அறிந்துகொள்ளலாம். வேகமும் மனிதக் கைக்கு ஏற்றதாகவே இருந்தது.

ஓப்செற் முறை இந்த வசதியை இல்லாமற் செய்துவிட்டது. ஓப்செற் அச்சிலே அச்சுப்பிளேற்று தட்டையானது. எழுத்துள்ள இடமும் வெற்றிடமும் ஒரே மட்டத்தில் இருக்கும். எழுத்துள்ள பகுதி எண்ணெய்த்தன்மையான மையை ஏற்கும். வெற்றுப் பகுதி நீரை ஏற்று மையை விலக்கும். பிளேற்றிலுள்ள உருவம் முதலில் இறப்பர் போர்த்த உருளைக்கும், அங்கிருந்து தாளுக்கும் மாறுகின்றது. நீரும் மையும் சரியான அளவில் சமநிலையில் இருக்கும்வரை அச்சு தெளிவாக வரும். இந்தச் சமநிலையே தொழிலின் உயிர்நாடி. ஆனால் அது நிகழுமிடம் பாதுகாப்பு மூடிகளுக்கு உள்ளே சுழலும் உருளைகளின் இடையில் உள்ளது. இயந்திரம் ஓடும்போது மூடியைத் திறந்தால் அது தானாகவே நின்றுவிடும். திறக்காமல் விட்டாலோ எதுவும் தெரியாது. புதியவர் பார்க்கக்கூடியது மறுமுனையில் வந்து விழும் தாளை மட்டுமே. காரணம் உள்ளே, விளைவு வெளியே என்ற இந்த இடைவெளிதான் ஓப்செற் அச்சைக் கற்பிப்பதிலுள்ள முதன்மையான இடர்ப்பாடு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அச்சிட்ட தாளில் வெண்மையாக இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய நிறப்படலம் தோன்றுகின்றது. நீர் போதாமை காரணமாகலாம், நனைப்பு உருளைகள் அழுக்கடைந்திருக்கலாம், நனைப்புநீரின் அமிலத்தன்மை தவறியிருக்கலாம், மை இளகியிருக்கலாம், பிளேற்றே பழுதாயிருக்கலாம். அனுபவமற்றவர் உடனே நீரைக் கூட்டுவார். படலம் மறையும். ஆனால் நிறமும் வெளிறும். நிறம் வெளிறியதைக் கண்டு மையைக் கூட்டுவார். படலம் திரும்பிவரும். மீண்டும் நீர், மீண்டும் மை. இப்படியே சென்றால் நீர் மையோடு கலந்து குழம்பாகி, ஈற்றில் உருளைகள் அனைத்தையும் கழுவி முதலிலிருந்து தொடங்க நேரிடும். இந்தச் சுழலில் ஒருமுறையேனும் சிக்கி வெளியேறாத அச்சியந்திர இயக்குநர் இருப்பது அரிது. அதில் எங்கே சிக்கினால் செலவில்லாமல் வெளியேறலாம் என்பதே கேள்வி.

வான்படையினர் இதற்கொத்த கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டனர். அமெரிக்காவில் பியானோவும் ஓர்கன் வாத்தியமும் செய்யும் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், 1929 அளவில், ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே விமானத்தைப் போன்று சாய்ந்தும் திரும்பியும் அசையும் பயிற்சிப் பெட்டியொன்றைச் செய்தார். முதலில் அதைக் களியாட்ட விளையாட்டுச் சாதனமாகவே பலர் கருதினர். 1934 இல் தபால் ஏற்றிச்செல்லப் பணிக்கப்பட்ட இராணுவ விமானிகள் மோசமான காலநிலையில் அடுத்தடுத்து விபத்துக்களில் உயிரிழந்த பின்னரே அமெரிக்க இராணுவம் அப்பெட்டிகள் ஆறை வாங்கியது. நிலத்தில் நின்றவாறே விழுந்து பழகியவர் வானில் விழமாட்டார் என்பதே அதன் தத்துவம். அச்சகத்தில் விமானம் விழுவதில்லை. ஆயினும் விலையுயர்ந்த இயந்திரம், திருத்தமுடியாத பிழை, உள்ளே நடப்பது தெரியாத நிலை ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொதுவானவை.

அச்சுத்துறைக்கான ஒப்புருவாக்கிகளில் நன்கறியப்பட்டவை பிரான்சைச் சேர்ந்த சினாப்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புகள். தாள் ஓப்செற்றுக்கென அந்நிறுவனம் உருவாக்கிய 'ஷொட்ஸ்' எனும் ஒப்புருவாக்கி பல நாடுகளின் பயிற்சி நிலையங்களில் இடம்பெற்றுள்ளது. பொதியிடலுக்கான அச்சு முறைகளுக்கு வேறு தயாரிப்புகள் உள்ளன. இவற்றின் செயற்பாடு எளிமையானது. கணினித் திரையில், அல்லது உண்மையான இயந்திரத்தின் கட்டுப்பாட்டு மேசையைப் போன்ற அமைப்பில், பயிலுநர் அமர்ந்துகொள்வார். பயிற்றுநர் ஒரு பழுதை உள்ளே ஒளித்துவைப்பார். திரையில் அச்சிட்ட தாள் தோன்றும்; அதை எடுத்துப் பார்க்கலாம், நிற அடர்த்தியை அளக்கலாம், உருப்பெருக்கியால் நோக்கலாம். பின்னர் இயந்திரத்தின் எப்பகுதிக்கும் சென்று சோதித்துத் திருத்தலாம். திருத்தியதன் விளைவு அடுத்த தாளில் தெரியும்.

பயிலுநர் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையும் பதிவாவதும், அதற்கான நேரமும் வீணான தாளும் பணமாகக் கணக்கிடப்படுவதுமே இதில் எம்மைக் கவர்ந்த அம்சமாகும். இரண்டு பயிலுநர்கள் ஒரே பழுதைத் திருத்தியிருப்பார்கள். ஒருவர் முதலில் மலிவான சோதனைகளைச் செய்து காரணத்தைக் குறுக்கிக்கொண்டு வந்திருப்பார். மற்றவர் எடுத்த எடுப்பிலேயே பிளேற்றை மாற்றியிருப்பார். உண்மையான அச்சகத்தில் இருவரும் 'வேலையை முடித்தார்கள்' என்றே கருதப்படுவர். ஒப்புருவாக்கியிலோ சிந்தனையின் ஒழுங்கே மதிப்பிடப்படுகின்றது. உலகத் திறன் போட்டிகளின் அச்சு ஊடகப் பிரிவிலும் இத்தகைய ஒப்புருவாக்கிச் சோதனை இடம்பெற்றமை இதன் பெறுமதியை உணர்த்தும்.

ஒப்புருவாக்கி என்பது தனியொருவர் ஓர் இயந்திரத்தோடு பழகும் ஏற்பாடு. மெய்நிகர் உலகம் அதனின்றும் வேறானது. அதில் ஒரே நேரத்தில் பலர், தத்தமக்கென அமைத்துக்கொண்ட உருவங்களோடு, ஓரிடத்திற் கூடலாம், நடக்கலாம், உரையாடலாம், பொருட்களை ஆக்கலாம். அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 'செக்கன்ட் லைப்' இவற்றுள் பெயர்பெற்றது. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் அதன்மீது எழுந்த ஆர்வம் வியப்புக்குரியது. ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் பாடநெறியொன்று 2006 இல் அதனுள்ளும் நடத்தப்பட்டது. ரொய்ட்டர் செய்தி நிறுவனம் அங்கே செய்தியாளரை நியமித்தது. 2007 மே மாதத்தில் எமது அயல்நாடான மாலைதீவு, உலகிலேயே முதலாவதாக, அங்கு ஒரு தூதரகத்தைத் திறந்தது. சுவீடன் சில நாட்கள் பின்தங்கிவிட்டது. தொழில்தேடுவோரையும் நிறுவனங்களையும் சந்திக்கவைக்கும் மெய்நிகர் தொழிற்சந்தைகளும் அவ்வாண்டில் நடைபெற்றன.

அந்த ஆர்வம் விரைவிலேயே தணிந்தது. 2010 இல் லிண்டன் லாப் தனது ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரைக் குறைத்தது. அதே ஆண்டில், கல்வி நிறுவனங்களுக்கு வழங்கிவந்த ஐம்பது சதவீதக் கட்டணச் சலுகையை நீக்கப்போவதாகவும் அறிவித்தது. சலுகை 2013 இல் மீளக் கொண்டுவரப்பட்டதாயினும், அதற்குள் பலர் தாம் வாடகைக்கு எடுத்திருந்த 'தீவு'களைக் கைவிட்டு, எவரும் தமது சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடிய திறந்த மென்பொருளான 'ஓப்பன் சிமுலேற்றர்' பக்கம் சென்றுவிட்டனர். பதின்ம வயதினருக்கென 2005 இல் தொடங்கப்பட்ட தனியுலகமும் பின்னர் மூடப்பட்டது. செக்கன்ட் லைப் இன்றும் இயங்குகின்றது. ஆனால் அதைப் பல்கலைக்கழகங்களின் எதிர்காலம் என்று எவரும் இப்போது சொல்வதில்லை. பேஸ்புக் நிறுவனம் 2021 ஒக்ரோபரில் மெட்டா எனப் பெயர்மாற்றிக்கொண்டபோது எழுந்த ஆரவாரத்தையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்கவேண்டும். பிறருடைய நிலத்தில் பாடசாலை கட்டுபவர், நிலத்தின் உடைமையாளர் வாடகையை உயர்த்தும் நாளையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

மெய்நிகர் உலகம் பயிற்சியைவிடத் தொழில் வழிகாட்டலுக்கே அதிகம் உதவும் என்பது எமது கருத்து. முல்லைத்தீவிலோ மொனராகலையிலோ க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஒரு மாணவியிடம் அச்சுத்தொழில் பற்றிக் கேட்டால், சந்தியிலுள்ள பிரதியெடுக்கும் கடையோ கலியாண அழைப்பிதழோதான் அவருக்கு நினைவுக்கு வரும். 2017 இல் ஆரம்பிக்கப்பட்ட பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் தொழிற்பாடப் பிரிவு உருவாக்கப்பட்டது. தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஏணி இருக்கின்றது. ஆனால் எந்தச் சுவரில் அதைச் சாத்துவது என்பதைப் பிள்ளைகள் கையேட்டின் ஒரு பந்தியைப் படித்தே தீர்மானிக்கிறார்கள்.

அந்த மாணவி ஒரு மெய்நிகர் அச்சகத்தினுள் அரைமணி நேரம் நடந்துவந்தால் நிலைமை வேறாகும். முதலாவது அறையில் பக்கங்களை ஒழுங்குபடுத்தி நிறங்களைப் பிரிப்பவர்கள் இருப்பார்கள். நாம் காணும் வண்ணப்படம் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகளே என்பதை அவர் அங்கே உருப்பெருக்கிக் காண்பார். அடுத்த அறையில் கணினியிலிருந்து நேரடியாகப் பிளேற்று உருவாகும். அதன்பின் இயந்திரக் கூடம். அங்கே, உண்மையான அச்சகத்தில் எவருக்கும் கிட்டாத வாய்ப்பாக, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மூடியை அவர் கழற்றி வைக்கலாம். நீர் எவ்வழி வருகின்றது, மை எத்தனை உருளைகள் கடந்து மெல்லிய படலமாகின்றது என்பதை மெதுவாக்கிப் பார்க்கலாம். இறுதியில் மடித்தல், தைத்தல், வெட்டுதல், பெட்டியாக்கல். ஏற்றுமதியாகும் தேயிலைப் பெட்டியின் வடிவம் எவ்வாறு வெட்டி எடுக்கப்படுகிறது என்பதைக் காணும் பிள்ளைக்கு, பத்திரிகை விற்பனை குறைந்தாலும் பொதியிடல் அச்சுக்கு வேலை இருக்கும் என்பதை எவரும் தனியாக விளக்கவேண்டியதில்லை. 'இயந்திரம் ஆண்களுக்குரியது' என்ற எண்ணத்தோடு வந்தவர், நிற மேலாண்மையிலும் தர அளவீட்டிலும் தேவைப்படுவது கூர்மையான கண்ணும் பொறுமையுமே என்பதை அங்கேயே உணர்வார்.

பாதுகாப்புக் கல்வியிலும் இதற்கு ஓர் இடமுண்டு. ஒன்றையொன்று நோக்கிச் சுழலும் இரு உருளைகளின் இடுக்கு விரலை இழுத்துக்கொள்ளும் என்பதை எச்சரிக்கைப் பலகையாலும் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை எப்படிச் சொல்வது? ஜப்பானின் ஒசாக்கா நகரில் மாதிரி அச்சு செய்யும் ஓப்செற் அச்சகமொன்றின் ஊழியர்கள் பலர், இளம் வயதினர் உட்பட, பித்தக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆளான செய்தி 2012 இல் வெளியானது. காற்றோட்டம் குறைந்த அறையில், இறப்பர் போர்வையைத் துடைக்கப் பயன்படுத்திய கரைப்பானிலிருந்த டைகுளோரோபுறொப்பேன் என்ற இரசாயனமே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2014 இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதலாவது தொகுதியிற் சேர்த்தது. துடைக்கும் துணியிலிருந்து எழும் ஆவி சாளரமற்ற அறையில் எவ்வாறு பரவித் தங்குகின்றது என்பதை நிறமூட்டிக் காட்ட மெய்நிகர் அறையினால் முடியும். உண்மையான அறை அதைக் காட்டாது. எங்கள் சிறு அச்சகங்களில் இயந்திரத்தைக் கழுவ என்ன பயன்படுத்தப்படுகிறது, சாளரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விகளை இந்த இடத்தில் எழுப்பாமல் இருக்கமுடியவில்லை.

இவ்வளவும் சொன்னபின், திரை எதைக் கற்பிக்கமாட்டாது என்பதையும் சொல்லவேண்டும். தாள் ஓர் உயிருள்ள பொருளைப் போன்றது; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், வறண்டால் சுருங்கும். தாளைச் சோதிப்பதற்கான சர்வதேச நியமம் 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையையும் 50 சதவீத ஈரப்பதனையும் வகுத்துள்ளது. கொழும்பின் காற்றில் ஈரப்பதன் பெரும்பாலும் அதைவிட வெகு அதிகம். குளிரூட்டப்படாத அச்சகத்தில் முதல் நிறம் அச்சிட்டு மறுநாள் இரண்டாம் நிறம் அச்சிடும்போது தாள் அளவு மாறியிருக்கும். நிறங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தா. மழைக்காலத்தில் எந்தத் தாள் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஐரோப்பாவில் எழுதப்பட்ட மென்பொருளைவிட எமது பழைய மெஷின் மைண்டருக்கு நன்கு தெரியும். தாளை விசிறிக் காற்றூட்டி அடுக்கும் கைப்பழக்கம், ஒரு மூலையைக் கிழித்து நாரோட்டத்தின் திசையை அறிதல், உருளைகளில் மை அளவாக இருக்கும்போது எழும் சலசலப்பைச் செவியால் இனங்காணுதல் என்பன கையும் காதும் இயந்திரத்தின் அருகிலிருந்தே கற்பவை.

உலகின் மிகப்பெரிய அச்சுக் கண்காட்சியான ட்ரூபாவுக்கு நேர்ந்ததும் இதையே காட்டுகின்றது. ஜேர்மனியின் டுசெல்டோர்ப் நகரில் 2020 இல் நடைபெறவிருந்த அது கொரோனாத் தொற்றினால் தள்ளிப்போய், ஈற்றில் 2021 ஏப்ரலில் நான்கு நாட்கள் இணையவழியாக மட்டும் நடத்தப்பட்டது. 2024 இலோ கண்காட்சி மீண்டும் டுசெல்டோர்ப் மண்டபங்களுக்கே திரும்பியது. இயந்திரம் வாங்குபவர் அச்சிட்ட தாளைக் கையிலெடுத்து வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

மொழியும் ஒரு தடையே. இத்தகைய மென்பொருட்கள் பெரும்பாலும் பிறமொழிகளிலேயே எழுதப்பட்டு வருகின்றன. எமது அச்சகங்களில் வழங்கும் சொற்களோ பாதி ஆங்கிலம், பாதி தமிழ், சில சிங்களம். பிளேற்று, றோலர் என்பவற்றை மாற்றவேண்டியதில்லை. அவை தொழிலாளியின் சொற்களாகிவிட்டன. ஆனால் பழுதின் காரணத்தை விளக்கும் வசனங்கள் தமிழிலும் சிங்களத்திலும் இல்லையெனில், பயிலுநர் பொத்தானை அழுத்தப் பழகுவாரே தவிரக் காரணம் தேடப் பழகமாட்டார். ஒப்புருவாக்கியின் பெறுமதி முழுவதும் காரணம் தேடுவதில்தான் இருக்கின்றது. தொழினுட்பப் பாடநூல் எழுதிய அனுபவமுள்ளோரும் அச்சகத்தில் முப்பது வருடங்கள் நின்றோரும் ஒரு மேசையில் அமர்ந்து, வழமையாக ஏற்படும் பழுதுகளுக்குச் சோதிக்கும் ஒழுங்கை எழுதினாலே அரைவாசி வேலை முடிந்துவிடும். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை.

செலவைப் பொறுத்தவரை, தலையில் அணியும் முப்பரிமாணக் கருவிகளிலிருந்து தொடங்குவது தவறான வழி என்றே தோன்றுகின்றது. கிராமப் பாடசாலையின் பழைய கணினிகளிலும் கைத்தொலைபேசியிலும் திறக்கக்கூடிய, நாற்புறமும் சுழற்றிப் பார்க்கத்தக்க ஒளிப்படங்களால் ஆன ஓர் அச்சக உலா தொழில் வழிகாட்டலுக்குப் போதுமானது. உள்ளூர் அச்சகம் ஒன்றின் அனுமதியும் ஒரு நாள் படப்பிடிப்புமே அதற்கு வேண்டியவை. ஒப்புருவாக்கியோ விலை கூடியது. ஒவ்வொரு நிலையத்துக்கும் வாங்க முடியாது. மாகாணத்துக்கு ஒன்றென வைத்து, அண்டை மாவட்டப் பயிலுநர்கள் முறைவைத்து வந்து பழகும் ஏற்பாடு சாத்தியமானது. முதல் இரண்டு வாரங்கள் அதன் முன்னே பழுது தேடிப் பழகியவரை மூன்றாம் வாரத்தில் ஒற்றை நிறப் பழைய இயந்திரமொன்றின் அருகில் நிறுத்தலாம். அங்கே அவருக்குப் புதுத் தாள் கொடுக்கவேண்டியதில்லை. ஒருபக்கம் அச்சாகிக் கழிக்கப்பட்ட தாள்கள் எல்லா அச்சகங்களிலும் மூலையில் அடுக்கிக் கிடக்கும். அவற்றின் மறுபக்கம் போதும்.